இருபத்திரண்டாயிரம் ரூபாய் வெளிச்சம்

"இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று நாச்சிமுத்து மூன்றாவது ப்ரொஜெக்டர் மிஷினுக்கும் சொன்னபோது துளசிமணிக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. எங்கே போவது. கீழே இறங்கினால் கிராஸ்கட் ரோடு, பதினோரு மணி வெயில், பஸ் ஹாரன். கட்டின புருஷனை இந்த ஏசி அறையில் தனியாக உட்கார வைத்துவிட்டு எங்கே போவது. சோபா வேறு புதைந்து புதைந்து முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது, உட்கார்ந்தவர்கள் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது என்றே செய்த சோபா. கடையின் பின்பக்கம் கறுப்புத் திரைச்சீலை போட்டு இருட்டாக்கிய சின்ன அறை அது. எதிர்ச் சுவரில் வெள்ளைத் திரை, அதில் பேர் தெரியாத ஏதோ வெளிநாட்டுப் பூ, பார்க்கிறவர்களுக்கு வேறு வேலையே இல்லை என்பதுபோல மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. பூவுக்குப் பின்னால் வயலின். நல்லாத்தான் இருக்குதாம். அந்த வார்த்தையை யாரிடம் சொல்கிறார். ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருபத்து மூன்று வருஷமாக நின்று கால் வீங்கியவள் அவள். நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் "எல்லாமே நல்லா இருக்குதுங்க, வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று எழுந்திருக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். வரமாட்டார்கள். வாங்க வந்தவள் குறை சொல்லுவாள், கரை பட்டையாக இருக்கிறது, முந்தி வெளுப்பு, இந்தப் பச்சையில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் கலந்திருக்கலாம் என்று உயிரை எடுப்பாள். ஒன்றுக்கும் குறை சொல்லாதவள் புடவையைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த நினைப்பைத் தொடர அவளுக்குத் தைரியம் வரவில்லை. பூவையே பார்த்தாள். பூ இன்னும் விரிந்து முடியவில்லை.

கடைக்காரப் பையன் என்று சொல்ல முடியாது, முப்பத்தைந்து வயது இருக்கும், கௌரிசங்கர் என்று சட்டையில் குத்தியிருந்தான், அவன் வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. முதல் மிஷின் பத்தொன்பதாயிரத்து ஐநூறு. "படம் அப்புடியே கண்ணாடியாட்டம் இருக்குமுங்க்கா. ஹீரோயின் தலைமுடிய ஒண்ணொண்ணா எண்ணலாம்." இரண்டாவது முப்பத்தெட்டாயிரம். அது விற்பதற்கு இல்லை, முதலாவது மலிவாகத் தெரிவதற்கு. இந்த வித்தையை அவளே தினமும் பத்துப் பேரிடம் செய்கிறாள், இருபதாயிரம் ரூபாய்ப் புடவையை மடியில் போட்டுக் காட்டிவிட்டு எட்டாயிரத்தை எடுத்து நீட்டுவாள். மூன்றாவதை அவனாகக் காட்டவில்லை, மூலையில் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்து அவள்தான் கேட்டாள். "அது ஆபீஸ்ல, ஸ்கூல்ல பாடம் நடத்தறதுங்க்கா. பழைய மாடல், டிஸ்பிளே பீஸ், இருபத்திரண்டுக்குத் தந்தர்றேன். ஆனா வீட்டுக்கு ஆகாதுங்க. வெளிச்சம் மட்டும் கொட்டும், படம் புள்ளி புள்ளியாத் தெரியும்." வெளிச்சம் கொட்டும் என்கிறான், அதைக் குறை மாதிரிச் சொல்கிறான். அவள் கைப்பையில் நாள்காட்டித் தாள் ஒன்று நாலாக மடிந்து கிடக்கிறது, அதன் முதுகில் ஒரு மாசமாகப் படித்த பாடம் அத்தனையும் எழுதியிருக்கிறது. லூமென்ஸ் என்றால் வெளிச்சம். டப்பாவில் போட்டிருக்கிற லூமென்ஸை நம்பக் கூடாது. பிக்சல் என்றால் புள்ளி, எத்தனை புள்ளியோ அத்தனை துல்லியம். பஸ்ஸில் நின்றுகொண்டு காதில் வயரை மாட்டி, மீசை முளைக்காத பையன்கள் போட்ட வீடியோவெல்லாம் பார்த்து எழுதியது. எல்லாப் பையன்களும் ஒரே குரலில் சொன்னார்கள், கம்மி பட்ஜெட் என்றால் வெளிச்சமா துல்லியமா ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், வெளிச்சத்தை விடுங்கள், ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம் என்று. சாத்திக்கொள்ளலாம்தான். கண்ணுக்குள்ளேயே சாத்திக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று அந்தப் பையன்களில் ஒருத்தனும் சொல்லவில்லை. தலைமுடியை எண்ணி அவளுக்கு என்ன ஆகப்போகிறது. அதை இவனிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் பக்கத்தில் அவர் இருக்கிறார், அவருக்கு எதுவும் இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது, அப்படித்தான் ஆடி மாசத்திலிருந்து வீடு நடக்கிறது.

ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்த வாரம். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கண்ணாஸ்பத்திரிச் சீட்டு. கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று மட்டும்தான் அவர் சொல்லியிருந்தார். லீவு நாளில் சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையான குரல். "உங்க வீட்டுக்காரர் சொல்லலீங்களா? ரெண்டு கண்லயும் நடுப்பார்வை தேஞ்சுக்கிட்டு வருதும்மா. போனது திரும்பாது. கண்ணாடி மாத்திப் பிரயோஜனமில்லை. பெரிசா, நல்ல வெளிச்சமா இருந்தாப் பார்ப்பார்." இப்போது எவ்வளவு தெரியும் என்று கேட்டாள். "அதை அவரைத்தானேம்மா கேக்கணும்" என்றார் டாக்டரம்மா. கேட்டாளா. மூன்று மாசம் ஆச்சு, கேட்டாளா. பம்புக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் வெர்னியர் அளவுகோலும் கையுமாக நின்று ஒரு நூல் பிசகினாலும் தள்ளிவிடுகிற மனுஷன், போன சித்திரையில் திடுதிப்பென்று முழங்கால் வலி என்று வேலையை விட்டுவிட்டு வந்தபோதே கேட்டிருக்க வேண்டும். அந்த முழங்காலோடுதான் தினமும் மாடிப்படி ஏறி இறங்குகிறார். அப்புறம் டிவி. முதலில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார், இன்னும் முன்னால், பிறகு "என்ன இருக்குது டிவியில, ஒரே சண்டை" என்று எழுந்து சமையல்கட்டுக்கு வந்துவிட்டார், அங்கிருந்தே காதால் கேட்டுக்கொண்டு அவளுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தார். பூண்டு உரிக்கக் கண் வேண்டாம். பேப்பர் இன்னமும் வருகிறது. காலையில் முக்கால் மணி நேரம் விரித்துப் பிடித்திருக்கிறார். ஒருநாள் மறந்துபோய் முந்தின நாள் பேப்பரையே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள், கொடுத்த பிறகுதான் கவனித்தாள். அவர் முக்கால் மணி நேரம் பிடித்திருந்துவிட்டு "ஒண்ணும் விசேஷமில்ல" என்று மடித்து வைத்தார். அன்றைக்குக் கடையில் அவள் ஒரு கல்யாணப் புடவையைத் தப்பான விலைக்குப் பில் போட்டாள்.

அதற்கப்புறம்தான் இந்த சினிமாப் பைத்தியம் வந்தது. வந்ததாக அவள் சொல்லிக்கொண்டாள். வீட்டிலேயே பெரிசாகப் படம் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, தீபாவளி போனஸ் இருபத்திரண்டாயிரம் வருகிறது, ஒரு ப்ரொஜெக்டர் வாங்கலாமா என்றாள். இத்தனை வருஷத்தில் சொந்த ஆசைக்கென்று அவள் கேட்ட முதல் சாமான், அதுவும் பொய். அவர் சிரித்தார், "வயசான காலத்துல உனக்கு எதுக்கு அம்மிணி இந்தக் கூத்து" என்றார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"வீட்ல சுவத்துல இருந்து மிஷின் வெக்கற இடத்துக்கு எத்தனை அடிங்க்கா வரும்?" என்றான் கௌரிசங்கர். "தூரம் தெரிஞ்சாத்தான் படம் எத்தனை பெரிசு விழும்னு சொல்ல முடியும்."

"ஒரு புடவைக்கு முந்தி குறைச்சலுங்க" என்றாள். அவன் விழித்தான். டேப்பை எடுத்து அளந்திருக்கலாம், டேப் அவருடைய டூல்ஸ் பெட்டியில்தான் இருந்தது. எடுத்தால் "கொண்டா, நானே அளக்கறேன்" என்று வருவார். வந்து டேப்பை இழுத்துப் பிடித்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்லுவார். அது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரிந்துபோகும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் அவள் எழுதிக்கொள்ள வேண்டும். அதனால் அவர் மத்தியானம் தூங்கும்போது ஊதாப் புடவையைத் தரையில் விரித்து அளந்தாள். சுவரில் ஆரம்பித்து ஜன்னலுக்கு வரும்போது முந்தி மட்டும் மிச்சம். புடவை ஐந்தரை மீட்டர், முந்தி ஒரு மீட்டர், ஆக நாலரை, பதினைந்து அடி. மனக்கணக்கு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த ஊதாவில் ஜாக்கெட் துணி வெட்டியாச்சா? வெட்டாவிட்டால் புடவை ஆறே கால் மீட்டருக்கு மேல். அப்படியென்றால் இரண்டரை அடி கூடுதல். வெட்டியாச்சு என்றுதான் நினைவு, பொங்கலுக்குத் தைத்தது. இல்லை, அது மாம்பழக் கலரா? இருபத்து மூன்று வருஷம் புடவை விற்றவளுக்குத் தன் புடவையில் ஜாக்கெட் துணி இருக்கிறதா என்று நினைவில்லை, ஊர் சிரிக்கும். இரண்டரை அடியில் படம் பெரிசாகும், பெரிசானால் வெளிச்சம் பரவி நீர்த்துப்போகும், நாள்காட்டித் தாளில் எழுதியிருக்கிறது. நீர்த்துப்போனால் அவருக்குத் தெரியாது. அல்லது பெரிசானதால் தெரியும். எது. "பதினஞ்சு, இல்லீன்னா பதினேழரை" என்றாள். "சரிங்க்கா, ரெண்டுக்கும் போட்டுக் காட்டறேன்" என்று அவன் வயர் ஒன்றை எடுத்துவர வெளியே போனான். போகும்போது கதவை மூடினான். பூ போய் இப்போது ஏதோ குருவி வந்திருந்தது, கூட்டில் உட்கார்ந்து கத்தியது. நாச்சிமுத்து தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். "குருவிச் சத்தம் தத்ரூபமா இருக்குது" என்றார்.

சத்தம். சத்தத்தைத்தான் சொல்கிறார். பூ வந்தபோதும் "மியூசிக் நல்லா இருக்குது" என்றாரா, இல்லை, பூ என்றாரா? நினைவில்லை. ஒருவேளை ஒன்றுமே தெரியவில்லையோ. வெளிச்சமும் இல்லை, துல்லியமும் இல்லை, ஒன்றுமே இல்லையோ, இருபத்திரண்டாயிரம் கொடுத்து ஒரு ஸ்பீக்கர் வாங்கப் போகிறாளோ. பணம் போனால் போகட்டும். பணமா விஷயம். வாங்கிக்கொண்டு போய் வைத்த பிறகு தினமும் சாயங்காலம் அவர் சுவருக்கு எதிரே உட்கார்ந்து, அவள் மனசு நோகக் கூடாது என்று, நல்லா இருக்குது நல்லா இருக்குது என்று நடிக்க வேண்டும். இரண்டு மணி நேரப் படம், முழுக்க நடிப்பு. அவரை அந்தக் கஷ்டத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறவள் அவளேதான். முழுக்க இருட்டிப்போன பிறகும் சொல்லமாட்டார். அவளும் கேட்கமாட்டாள். பேசாமல் செத்துப்போன வீடு மாதிரி, ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம், உப்பு இருக்கிறதா என்றால் நல்லா இருக்குது, தூங்கினீர்களா என்றால் நல்லாத் தூங்கினேன். ரிமோட் சோபாவின் கைமேல் கிடந்தது. எடுத்து, எந்தப் பட்டன் என்று தடவிப் பார்த்துச் சத்தத்தை நிறுத்தினாள்.

"ஏன், என்னாச்சு?" என்றார் அவர் உடனே.

"காது வலிக்குதுங்க."

குருவி சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியது. இனி அவர் என்ன சொல்லுவார், சொல்வதற்குக் குருவி எதுவும் கொடுக்கவில்லையே. துளசிமணி சோபாவிலிருந்து ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு எழுந்து, பின்னால் மேஜையில் எரிந்துகொண்டிருந்த மிஷினிடம் போனாள். தூசி படிந்த அந்த மூன்றாவது மிஷின். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வெளிச்சத்துக்கு முன்னால் கையை நீட்டினாள். எதிரே திரையில் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கை எழுந்தது, குருவியை மறைத்தது, விரல் ஒவ்வொன்றும் வாழைத்தண்டு கனம். கட்டைவிரலை மடக்கினாள். மற்ற விரல்களை விரித்தாள். அப்படியே நின்றாள்.

ஏசி ஒரு தடவை நின்று திரும்ப ஓட ஆரம்பித்தது.

"ஆஸ்பத்திரில இப்புடித்தான் எத்தனை வெரல்னு கேப்பாங்க" என்றார் நாச்சிமுத்து. குரலில் கோபம் இல்லை. "எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"ஆடியில இருந்துங்க."

"சொல்லலையே."

"நீங்களுந்தான் சொல்லலை."

அவர் மூக்கால் சிரித்த மாதிரி ஒரு சத்தம். "நடுவுல வெக்காத அம்மிணி" என்றார். "நடுவுல ஒண்ணுமே இல்ல, சாம்பல் கொட்டுன மாதிரி இருக்குது. ஓரத்துக்குக் கொண்டா. இந்தப் பக்கம். இன்னும். ம், அப்புடியே வெச்சிரு." அவள் கையை வெளிச்சத்தின் விளிம்புக்கு நகர்த்தினாள். அவர் முகத்தைத் திரைக்குக் காட்டாமல் கதவுப் பக்கமாகத் திருப்பினார். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாலு."

அவளுக்குச் சட்டென்று கையை இறக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு திரையும் குருவியும் கலங்கின. "எல்லாமே அப்புடித்தானுங்களா?" என்றாள். "எல்லாமே அப்புடித்தான். நேராப் பாத்தாப் போயிரும், தள்ளிப் பாத்தா வரும். உன்ற மூஞ்சியும் அப்புடித்தான். காதப் பாத்தாத்தான் மூஞ்சி வருது." சொல்லிவிட்டு அவர் சோபாவின் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். காதையா. கடவுளே, காதையா பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு வந்ததிலிருந்து இந்த மனுஷன் பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி பார்க்கிறார், இரண்டு தடவை அவள் திரும்பியே பார்த்திருக்கிறாள். சம்பாத்தியம் நின்றுபோன வெட்கம் என்று நினைத்தாள். பிறகு, தன்னைப் பார்க்கவே அவருக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தாள், முப்பது வருஷம் ஆச்சே, சலிக்காதா என்று தனக்குத்தானே சொல்லி, பஸ் ஜன்னலோரம் அழுதிருக்கிறாள். அத்தனை நாளும் அவர் அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார், அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று திருட்டுத்தனமாக, கண நேரம், அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் அதற்கும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

கௌரிசங்கர் வயரோடு உள்ளே வந்து, மிஷினுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்து வாசலிலேயே நின்றான். "ஏதாச்சும் பிரச்சனைங்களாக்கா?"

"இவருக்கு நடுப்பார்வை இல்லீங்க" என்றாள் துளசிமணி. வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் முன்பின் தெரியாத ஒருத்தனிடம். "ஓரத்துல மட்டுந்தான் தெரியும். எனக்கு முடியெல்லாம் எண்ண வேண்டாம். மூணு மிஷினையும் மறுபடி ஆரம்பத்துல இருந்து போடுங்க, சத்தம் இல்லாம." அவன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வயரை மாட்ட ஆரம்பித்தான். அந்த மரியாதைக்காகவே பேரம் பேசுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள், அரை நிமிஷத்தில் மாற்றிக்கொண்டாள். முதல் மிஷினில் பூ வந்தது. "என்னங்க தெரியுது?" "இருட்டு." "பூவு?" "பூவா அது? தெரியல." "பச்சை?" "தெரியல அம்மிணி." இரண்டாவதில் "ஏதோ அசையுது, என்னன்னு சொல்ல முடியாது." அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் ஒவ்வொன்றாக இல்லை என்றார், கேட்கக் கேட்க அவள் பயந்ததைவிட அதிகமாகவே போயிருந்தது தெரிந்தது. அவர் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே போனார், முதுகு மூட்டையை இறக்கினவர் மாதிரி சோபாவில் சாய்ந்துகொண்டு. மூன்றாவதில் குருவி வந்தது, புள்ளி புள்ளியாக, கோணிச்சாக்கில் வரைந்த மாதிரி. அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "றெக்கை" என்றார். "றெக்கை ஆடுது. மஞ்சளா?"

"மஞ்சள்தானுங்க."

"இதையே எடுத்துக்க."

இருபத்திரண்டை இருபதரைக்கு அவள் கொண்டுவந்தாள், வயரை இலவசமாகப் போடச் சொன்னாள். அவன் பில் போட முன்பக்கம் போனான். கைப்பையைத் தேடி அவள் குனிந்தபோது நாச்சிமுத்து கூப்பிட்டார். "மிஷினை நிறுத்தாத. நீ போய் அங்க நில்லு. வெள்ளைத் துணிக்கு முன்னால."

"எதுக்குங்க?"

"நில்லு, சொல்றேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள், எதிரே அவரைத் தவிர யாரும் இல்லை என்றாலும் வெட்கமாக இருந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, சோபா தெரியவில்லை, அவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்று தெரியவில்லை, வெறும் வெள்ளை. குருவி தன் மேல் எங்கேயோ பறந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். கண்ணைச் சுருக்காமல், நகராமல் நின்றாள். அவர் அவசரப்படவில்லை.

"அம்மிணி" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. "எப்ப உனக்கு இப்புடி நரைச்சுது?"

"போன வருசமேங்க" என்றாள்.